குசினிச் சுவரில் இரண்டு துளைகள்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
05.12.1980

அன்பு மகன் அன்ஸாருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

தந்தி கிடைத்திருக்கும். போன வியாழக்கிழமை பகல் உம்மா மௌத்தாகிவிட்டா. விசாரணை எல்லாம் முடிந்து மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கினோம். சனம் நிறைய வந்தது. அந்த நேரம் மழை விட்டிருந்தது.

நீ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காஸ் அடுப்பில் ஏதோ கோளாறு என்றுதான் இங்கே கதை. பூட்டியதில் பிழையோ, சாமானில் பிழையோ, எனக்குத் தெரியாது. நீ மனதை அலட்டிக்கொள்ளாதே. ஒரு நாட்டுச் சாமான் இன்னொரு நாட்டுக்கு ஒத்துவராமல் போகிறதும் உண்டுதானே.

ஜெஸீமா தங்கச்சி சுகம். அவளுடைய பிள்ளை லைலா சுகம். நானும் சுகம். சாப்பாடு பக்கத்து வீடுகளில் இருந்து வருகிறது. வேறு புதினம் இல்லை. லீவு கேட்டு அலையாதே. நீ வந்தும் இனி ஒன்றும் இல்லை.

உன் அன்பு வாப்பா,
அபூதாஹிர்


உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
08.02.1981

மகன் அன்ஸாருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதம் கனமாக இருக்கும். தபால் கந்தோரில் நிறுத்துப் பார்த்துத்தான் முத்திரை ஒட்டவேண்டி வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால், ஒன்றில் அவனுக்கு வேறு வேலை இல்லை, அல்லது சொல்லவேண்டியதைச் சொல்லப் பயந்து சுற்றி வளைக்கிறான். என்னிடம் இரண்டும் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை உன் அறையில் இருக்கிற கிண்ணியா அப்துல் மஜீத் வந்தார். லீவில் வந்து இறங்கிய மூன்றாம் நாளே துறையைக் கடந்து நம் வீட்டுக்கு வந்துவிட்டார். நீ தந்துவிட்ட பேரீச்சம்பழமும் சவர்க்காரமும் கிடைத்தன. லைலா சவர்க்காரத்தை மணந்து பார்த்துவிட்டு இனிப்பு என்று நக்கிவிட்டாள். அதற்கு எல்லோரும் சிரித்தோம். வீட்டில் சிரித்துக் கன நாளாகிறது.

பிறகு மஜீத் உன்னைப் பற்றிச் சொன்னார். உங்கள் அறையில் எட்டுப் பேர் முறைவைத்துச் சமைக்கிறீர்களாம். உன்னுடைய முறை வந்தால் நீ வேறு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறாயாம். யாராவது காஸ் அடுப்பைப் பற்றவைத்தால் எழும்பிப் போய் வாசலில் நிற்கிறாயாம். சமைத்ததையும் தொடுவதில்லை, காய்ந்த பாண் துண்டும் தண்ணீரும்தானாம். உன் களிசான் இடுப்பில் நிற்பதில்லை என்றார். நீ அவரிடம் சொன்னதையும் அப்படியே சொன்னார்: “என்ட கையாலதான் உம்மாவ அனுப்பி வெச்சன், மஜீத்.”

சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார், அந்த அடுப்பில் என்னதான் காக்கா பிழை என்று. நான் கோப்பைக்குள் இருந்த தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெஸீமா கதவுக்குப் பின்னால் நின்றாள். மஜீத் துறைக்கு நேரமாகிறது என்று எழும்பிவிட்டார்.

டிசம்பரில் வந்த உன் நாலு வரிக் கடிதம் அலுமாரியில் இருக்கிறது. உம்மாவின் கப்ரடிக்கு வர எனக்கு முகம் இல்லை, இனி லீவில் வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

மகன், அடுப்பில் ஒரு பிழையும் இல்லை. பூட்டியவரிலும் பிழை இல்லை. பிழை என்னில். இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை இனி எழுதலாம். எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை சரீப் மருமகன் காய்ச்சலில் போனதும், ஜெஸீமா இத்தா இருக்கத் தொடங்கியதும் உனக்குத் தெரியும். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே போகக்கூடாது, அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. இனி என்ன செய்து பிழைப்பாள் என்று நானும் உம்மாவும் முழுசிக்கொண்டிருந்த நேரம்தான் நீ அடுப்பை அனுப்பப்போவதாக எழுதினாய். வீட்டுக்குள் இருந்தபடியே கேக்கும் பணிஸும் போட்டு விற்கலாம் என்று. அது நல்ல யோசனை. இப்போதும் சொல்கிறேன், அது நல்ல யோசனை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் அடுப்பு வந்து இறங்கியபோது ஒழுங்கை முழுக்கக் கூடிவிட்டது. இரும்புப் பெட்டகம் என்று நினைத்து, அபூதாஹிர் காக்கா இனி எங்களோடு கதைப்பாரோ தெரியாது என்றார்கள். உம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மகன் ஒரு மருமகளைத் தேடி அனுப்பச் சொன்னால் அடுப்பை அனுப்பியிருக்கிறார், பரவாயில்லை, இவளாவது எதிர்த்துக் கதைக்கமாட்டாள் என்றா. நான் ஒவ்வொரு காலையும் என் சாரத்துத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் என் முகம் வடிவாகத் தெரிந்தது என்பதும் ஒரு காரணம்.

பூட்ட வந்தவர் பாக்கியரத்தினம். துறைமுகத்தில் கப்பல்களின் குசினிகளுக்கு அடுப்பு பூட்டுகிற மனிதர், உனக்கும் தெரியும். அவர் நம் புதுக் குசினியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பழைய ஓலைக் குசினி என்றால் நாலு பக்கத்தாலும் காற்று வரும். இது நீ உழைத்துக் கட்டிய குசினி. மேலே கொங்கிறீட், சுற்றிவரச் சீமெந்து பூசிய சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் ஜெஸீமா இத்தா இருக்கத் தொடங்கிய அன்றே நான் பலகை வைத்து ஆணி அடித்தது. அதை இப்போதைக்குக் கழற்ற ஏலாது என்றேன். அப்படியென்றால் சுவரில் இரண்டு துளை போட்டே ஆகவேண்டும் என்றார். நிலத்தோடு ஒன்று, கூரையோடு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவு. அவரே உளியால் கொத்திப் போட்டார். காஸ் சிலிண்டரைக் குசினிக்கு வெளியே வைத்துக் குழாயை உள்ளே எடுத்தார். அடுப்பைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். பற்றவைத்துக் காட்டி, சுவாலை நீலமாக இருக்கவேண்டும், மஞ்சளாக வந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம், உடனே அணைத்துவிட்டு எல்லாவற்றையும் திறக்கவேண்டும் என்று உம்மாவுக்கும் எனக்கும் சொன்னார். போகும்போது வாசலில் திரும்பி நின்று சொன்னார்: “காக்கா, நெருப்புக்கும் மூச்சு வேணும். இந்த ரெண்டையும் ஒருநாளும் அடைச்சுப் போடாதையுங்கோ.”

எனக்கு இது விளங்காமல் இல்லை. இதுதான் எனக்கு வெட்கம். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் இருபத்திரண்டு வருடம் என் வேலை என்ன? தாங்கி கழுவ ஆட்கள் உள்ளே இறங்குவதற்கு முதல் நாளே மேல் மூடியையும் கீழ் வாசலையும் திறந்துவிட்டு, காற்று கீழால் நுழைந்து மேலால் போகிறதா என்று பார்ப்பது. பிறகு மூடியடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுவது. இருபத்திரண்டு வருடத்தில் என் கயிற்றில் இறங்கிய ஒருவரும் திரும்பி ஏறாமல் போனதில்லை. சிங்கள மேஸ்திரி ஒருவர் என்னைக் காற்று முதலாளி என்று கூப்பிடுவார். அந்தக் காற்று முதலாளிதான் சொந்தக் குசினியை அடைத்தது.

கீழ்த் துளை ஒழுங்கைப் பக்கம். தொழப் பள்ளிக்குப் போகிறவர்கள் அந்த வழியால்தான் போவார்கள். ஒருநாள் தேத்தண்ணீர்க் கடையில் ஸெய்னுதீன், நம் எதிர்வீட்டு ஆள், எல்லோருக்கும் முன்னால் பகிடி விட்டார்: “காக்கா, ஒங்கட குசினி ஓட்டையால மகள்ட கால் தெரியுதாம். இத்தா காலுக்கு இல்லையோ?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரில் பகிடிக்காரன் என்று பெயர் எடுத்தவன் சிரிக்காமல் இருக்க ஏலாதே. சிரித்துக்கொண்டே எழும்பி வந்து, அரைச் சட்டி சீமெந்து குழைத்து, கீழ்த் துளையை அடைத்துவிட்டேன். ஜெஸீமாதான் தண்ணீர் வாளியைப் பிடித்தாள். அடைத்த இடம் ஈரமாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் மா மூட்டையை நகர்த்தி வைத்தேன்.

மேல் துளைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாடைக் காற்று தொடங்கி மழை அதற்குள்ளால் அடித்து மாவை நனைத்தது. ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்தேன். சாக்கு ஒழுகியது. பிறகு அதற்கும் சீமெந்து.

அதற்குப் பிறகு அடுப்புச் சுவாலை மஞ்சளாகத்தான் எரிந்தது. கேக் தட்டுகளின் அடி கறுத்தது. சுவரில் வியர்வை மாதிரித் தண்ணீர் வடிந்தது. உம்மாவுக்குத் தலையிடி. காலையில் இல்லை, அடுப்படியில் இரண்டு மணித்தியாலம் நின்றால் வரும், வாசலில் வந்து இருந்தால் போய்விடும். இதைக்கூட நான் கவனித்தேன் மகன். கவனித்துவிட்டு மழைக்குளிர் என்றேன், மருமகனை நினைத்து அழுதது என்றேன். நெற்றிக்கு எண்ணெய் பூசச் சொன்னேன்.

அவ ஒருநாள் என்னைக் குசினி வாசலில் மறித்துச் சொன்னா: “இஞ்சேருங்க, இதுக்குள்ள நிண்டா மூச்சு முட்டுது. ஒண்டையாவது திறந்து விடுங்க.”

நான் அதற்கு ஒரு பகிடி விட்டேன். கப்ருக்குள் இதைவிட இடம் குறைவு, இப்போதே பழகிக்கொள் என்றேன். அவ சிரித்தா. சிரித்துவிட்டு உள்ளே போனா. அது நடந்து ஒன்பதாம் நாள்.

அந்த வியாழக்கிழமை கடும் மழை. உப்புவெளியில் ஒரு கலியாண வீட்டுக்குக் கேக் கொடுக்கவேண்டும். சுபஹுத் தொழுத கையோடு அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஒன்பது மணி போல ஜெஸீமா தலை சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறாள். நீ பிள்ளையோடு போய்ப் படு, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று உம்மா அவளை முன் அறைக்கு அனுப்பியிருக்கிறா. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் குசினிக் கதவைச் சாத்தி அடியில் துணி சுருட்டி வைத்திருக்கிறா. நான் மீன் வாங்கப் போனவன். மழைக்கு ஒதுங்கி அதே தேத்தண்ணீர்க் கடையில் இருந்து கதை அளந்துகொண்டிருந்தேன். என்ன கதை என்று இப்போது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் வீட்டுக்கு வந்து குசினிக் கதவைத் தள்ளினேன். சுருட்டிய துணி தடுத்தது, தோளால் தள்ளினேன். உள்ளே சூடு. உம்மா பலகைக் கட்டையில் இருந்தபடி மா மூட்டையில் தலையைச் சாய்த்திருந்தா. முகம் சிவந்து, கலியாணம் கட்டிய புதிதில் இருந்த மாதிரி, நல்ல சுகமான ஆள் மாதிரி இருந்தா. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அடுப்பை அணைத்துவிட்டு, கேக் தட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். கருகிவிடக்கூடாது என்று. கை சுட்டது. பிறகுதான் அவவின் தோளைத் தொட்டேன்.

கேக் கருகவில்லை. நன்றாக வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கமாகச் சொன்னார். காற்றுக் குறைந்த இடத்தில் நெருப்பு எரிந்தால் ஒரு நஞ்சு உண்டாகும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தலையிடி வரும், நித்திரை வரும், அவ்வளவுதான் என்றார். சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார், குசினிக்குக் காற்றுப் போக வழி இருந்ததா என்று. நான் “ஓம்” என்றேன்.

ஒரு சொல். நான் யோசித்துச் சொன்னதாக ஞாபகம் இல்லை. நாக்கு சொன்னது. அப்படியென்றால் அடுப்பிலோ பூட்டியதிலோதான் பிழை என்று அவர் எழுதினார். விசாரணைக்கு வந்தவரும் குசினியைப் பார்த்தார். கூரையடியில் மேல் துளை இருந்த இடம் அதற்குள் புகை படிந்து மற்றச் சுவரோடு சுவராகிவிட்டது. கீழே மா மூட்டை நின்றது. நான் அதை நகர்த்தவில்லை. யார் பூட்டியது என்று கேட்டார். பாக்கியரத்தினம் என்று பெயரைச் சொன்னேன். அது உண்மைதானே. அன்று நான் சொன்னதில் உண்மையான சொல் அது ஒன்றுதான்.

உனக்குத் தந்தி அடித்ததும், பிறகு எழுதியதும் அதே பொய்தான். நாட்டுக்கு நாடு சாமான் ஒத்துவராது என்று உனக்கு ஆறுதல் வேறு சொன்னேன். அந்த வரியை எழுதும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அழுகையும் வரவில்லை. இப்போதும் வருவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தொழுகிறேன், வெற்றிலை போடுகிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. ஊசி மருந்தின் விறைப்பு இறங்கவில்லை இன்னும்.

ஜனாஸாவுக்குப் பாக்கியரத்தினமும் வந்தார். ஆட்கள் அவரைப் பார்த்து முணுமுணுத்தார்கள். நம் ஆள் இல்லை, தமிழ் ஆள் பூட்டிய அடுப்பு என்றுகூட ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பாக்கியரத்தினம் குசினி வாசல்வரை போய், உள்ளே எட்டி, கூரையடியைப் பார்த்தார். அவர் கொத்திய துளை அல்லவா, இடம் அவருக்குத் தெரியும். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெஸீமாவும் இத்தனை நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். மஜீத் போன பிறகு கேட்டேன். அவள் சொன்னாள்: “என்ட இத்தாவுக்காகத்தானே வாப்பா அடைச்சீங்க. நான் என்னத்தச் சொல்ல?” அங்கே நீ உன் கையைப் பார்த்துக்கொண்டு பட்டினி. இங்கே இவள் தன்னாலேதான் என்று வாய் கட்டிக் கிடக்கிறாள். இந்த வீட்டில் குற்றத்தை ஏற்கிற ஆட்களுக்குக் குறைவில்லை. செய்தவன் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் பாக்கியரத்தினத்தின் வேலைக் கொட்டிலுக்குப் போனேன். அவர் ஒரு குழாயை அராவிக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லிக் கதிரையைத் தள்ளிவிட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அராவுவதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்: “நாலு வீட்டில அடுப்பு பூட்டக் கூப்பிட்டுப்போட்டு வேண்டாமெண்டிட்டினம். அது கிடக்கட்டும், காக்கா. மகனுக்கு எழுதினீங்களோ?”

இல்லை என்றேன்.

“அப்ப இஞ்ச என்னத்துக்கு வந்தனீங்கள்? முதல்ல அவனுக்கெல்லோ எழுதவேணும்.”

அவர் சொன்னது சரி. ஆனால் வெறும் கையோடு உனக்கு எழுத எனக்குத் துணிவில்லை. ஒருமுறை பொய் எழுதியவனை நீ ஏன் நம்பவேண்டும்? அதனால் அடுப்பைச் சோதித்துக் காட்டச் சொல்லி அவரைக் கெஞ்சினேன். வியாழக்கிழமை சுத்தியலும் உளியும் கொண்டு வந்தார். மா மூட்டையை நானே நகர்த்தினேன். இரண்டு துளையையும் கொத்தித் திறந்தார். பலகையில் நான் அடித்த ஆணிகளைப் பிடுங்கி ஜன்னலையும் திறந்தார். ஜெஸீமாவின் இத்தா முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அந்த ஆணிகளை நான் பிடுங்கவில்லை, பார். பிறகு அடுப்பைக் கழற்றி உள்ளே பார்த்தார். புகைக்கரி படிந்திருந்தது, காற்றில்லாமல் எரிந்ததற்கு அதுதான் அத்தாட்சி என்றார். துடைத்து, குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு குமிழியும் வரவில்லை. இரண்டு அயலவர்களைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துப் பற்றவைத்தார்.

நீலம், மகன். அடியிலிருந்து நுனிவரை நீலம். ஒரு மணித்தியாலம் எரியவிட்டோம். அப்படியேதான் எரிந்தது. நான் நிலத்தில் குந்திக் கீழ்த் துளையில் கையை வைத்துப் பார்த்தேன், கடற்காற்று விரலுக்குள்ளால் உள்ளே போனது. பாக்கியரத்தினம் ஒரு கடதாசியில் தன் கைப்பட, அடுப்பில் குறை இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பம் போட்டுத் தந்திருக்கிறார். அயலவர்களும் போட்டிருக்கிறார்கள். இத்தோடு வைத்திருக்கிறேன். மஜீத் திரும்பி வந்ததும் அவருக்கும், இப்போதே அறையில் உள்ள மற்றவர்களுக்கும் இதைக் காட்டு. நீ பலமுறை வாசி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலைய முன்னால் பள்ளி முற்றத்தில் எழும்பி நின்று சொன்னேன். நான்தான் அடைத்தேன், நான்தான் பொய் சொன்னேன், பாக்கியரத்தினத்தின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று. நான் எழும்பியதும் சிலர் ஏதோ பகிடி வரப்போகிறது என்று சிரிக்க ஆயத்தமாக இருந்தார்கள். ஸெய்னுதீன் வந்து என் கையைப் பிடித்து, நான் பகிடிக்குத்தானே காக்கா சொன்னது என்றார். ஓம், அது பகிடிதான் என்றேன். அவரில் எனக்குக் கோபம் இல்லை. சீமெந்தை அவர் குழைக்கவில்லை. இமாம் மட்டும் மெதுவாகக் கேட்டார், ஒரு துண்டுச் சீலையைத் தொங்கவிட்டிருந்தால் போதுமே, துளையை அடைக்கச் சொல்லி எந்தக் கிதாபில் இருக்கிறது என்று. பழைய சாரம் எட்டோ ஒன்பதோ வீட்டில் கிடக்கிறது மகன். ஒன்றைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம்.

நாளை திங்கட்கிழமை பாக்கியரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு விசாரணைக்காரரிடம் போகிறேன். எழுதியதை மாற்றச் சொல்லிக் கேட்பேன். பொய் சொன்னதற்கு என்ன செய்வார்களோ செய்யட்டும். அறுபது வயதில் மறியல்சாலைக்குள் போனால் அங்கேயும் காற்றுத் துளை பார்க்கிற வேலை தருவார்கள்.

ஜெஸீமா அடுப்பை விற்கவேண்டாம் என்கிறாள். இன்று காலை ஒரு தட்டுப் பணிஸ் போட்டாள். நான் ஜன்னலடியில் நின்றேன். அவள் ஒன்றைப் பிய்த்துத் தந்தாள், தின்றேன். இனி ஒவ்வொரு தட்டுக்கும் நான் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. மஜீத் போகிற போக்கில் ஒன்று சொன்னார், அவருக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. அங்கே இப்போது குளிர் என்று உங்கள் அறை ஜன்னலுக்குக் கடதாசி ஒட்டி அடைத்திருக்கிறீர்களாம். எட்டுப் பேர் அதற்குள்ளேதான் சமைக்கிறீர்கள், அதற்குள்ளேதான் படுக்கிறீர்கள். மகன், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய் அந்தக் கடதாசியைக் கிழி. மற்றவர்கள் குளிர் என்று ஏசினால் ஏசட்டும், உன் வாப்பா பைத்தியக்காரன் என்று சொல். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் திறந்திருக்கவேண்டும். சுவாலை என்ன நிறம் என்று குனிந்து பார். கிழித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி, மிச்சம் கொஞ்சம்தான்.

நீ அனுப்பியது உம்மாவுக்குச் சந்தோசம் தந்த சாமான். உன் கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கையால் சமைத்துச் சாப்பிடு. என்னில் கோபம் வரும், வரட்டும், அதற்கு நான் மறுமொழி எழுதமாட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. கடிதத்தில் என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமனே விடு. திகதியைப் போட்டு, ஜன்னல் திறந்திருக்கிறது, சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதி அனுப்பு. ஜெஸீமாவின் பெயருக்கு அனுப்பினாலும் சரி, அவள் எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

அல்லாஹ் உன் நெஞ்சை விசாலமாக்கி, உன் மூச்சுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.

அபூதாஹிர்